நிவாரணத்தில் முந்துகிறோம், எச்சரிக்கையில்...?

 

வெள்ளம் வந்தால் நம் இளைஞர்கள் என்ன செய்வார்கள் என்பதை இந்த நாடு பார்த்துவிட்டது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது கழுத்தளவு நீரில் இறங்கினார்கள். பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள். சாதி, மதம் பார்க்காமல் சோறு போட்டார்கள். நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்த்து வந்தவர்கள்கூட அந்த நாட்களில் வாய்விட்டுப் பாராட்டினார்கள். அதற்காக நாம் பெருமைப்படலாம், தவறில்லை.

ஆனால் அந்தப் பெருமையோடு சேர்த்து ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் வந்த பிறகு படகோடு ஓடத் தெரிந்த நமக்கு, தண்ணீர் வருமுன் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்திருக்கிறதா? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்தார்கள். நாமோ வெள்ளம் வடிந்த பின் அரிசி மூட்டை கட்டுவதில் மட்டும் கைதேர்ந்து நிற்கிறோம்.

"அது அரசாங்கத்தின் வேலை. வானிலை ஆய்வு மையம் சொல்ல வேண்டும். கலெக்டர் அறிவிக்க வேண்டும். நாம் என்ன செய்ய முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலைக் காயல்பட்டினத்திலிருந்து தொடங்குவோம்.

காயல்பட்டினத்தில் என்ன நடந்தது?

2023 டிசம்பர் 17 காலை முதல் 18 காலை வரை, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட அதிகமான மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. 95 செ.மீ. என்றால் என்ன? சுற்றுச்சுவர் கட்டிய மொட்டை மாடியில் நீர்த்தாரையை அடைத்துவிட்டால், மறுநாள் காலையில் மூன்றடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். ஒரு மனிதனின் இடுப்பளவு!

தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொள்ள, நூற்றுக்கணக்கான பயணிகள் நாள் கணக்கில் தத்தளித்தார்கள். உயிர்கள் போயின. கடைகளில் சரக்கு ஊறியது. உப்பளங்கள் கரைந்தன. கால்நடைகள் மிதந்தன.

தண்ணீர் வடிவதற்குள் ஆட்சியாளர்களிடையே தகராறு தொடங்கிவிட்டது. வானிலை மையம் உரிய நேரத்தில் சரியாகச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. 12ஆம் தேதியே எச்சரித்தாகிவிட்டது என்றார் ஒன்றிய நிதியமைச்சர். தொலைக்காட்சிகளில் ஒரு வாரம் இந்த வழக்கு நடந்தது.

சகோதரர்களே! இரு தரப்பில் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வதல்ல இந்தக் கட்டுரையின் நோக்கம். நமக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. எச்சரிக்கை 12ஆம் தேதியே வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த எச்சரிக்கையில் காயல்பட்டினத்து மளிகைக் கடைக்காரருக்கு என்ன இருந்தது? ஆறுமுகநேரி உப்பளத் தொழிலாளிக்கு என்ன இருந்தது?

"ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிக கனமழை பெய்யக்கூடும்." ஆண்டுக்கு எத்தனை முறை இந்த வாசகத்தை வானொலியில் கேட்கிறோம்! எந்த ஓரிரு இடம்? கனமழை என்றால் என் தெருவில் கணுக்காலா, முழங்காலா? சரக்கை மாடிக்கு ஏற்ற வேண்டுமா, வேண்டாமா?

வானிலைத் துறையின் கணக்குப்படி, ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அது அதி கனமழை. சிவப்பு எச்சரிக்கைக்கு அதுதான் அளவு. 21 செ.மீ. பெய்தாலும் சிவப்புதான், 95 செ.மீ. பெய்தாலும் அதே சிவப்புதான்! ஆனால் ஊருக்குள் நிற்பவனுக்கு இந்த இரண்டும் ஒன்றா? முன்னது வாசற்படியை நனைக்கும்; பின்னது வீட்டையே விழுங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அது புயல் அல்ல. குமரிக் கடல் பகுதியில் நிலவிய ஒரு வளிமண்டலச் சுழற்சி. அதற்கு இரண்டு வாரம் முன்பு சென்னையைப் புரட்டிய மிக்ஜாம் புயலுக்குப் பெயர் இருந்தது, நாடே பயந்தது. பெயரில்லாத மழைக்கு யார் பயப்படுவார்கள்? துறைமுகங்களில் ஏற்றும் கூண்டைப் பார்த்துத்தான் நம் கடற்கரை ஊர்கள் காலங்காலமாக ஆபத்தை அளந்து வந்திருக்கின்றன. அந்தக் கூண்டோ வெள்ளையர் காலத்தில் கப்பல்களுக்காக ஏற்பட்டது. கடைக்கும் வீட்டுக்கும் உப்பளத்துக்கும் கூண்டு ஏது?

அறிவிப்பு வேறு, பயன்படும் தகவல் வேறு

இங்கேதான் அதிகார வர்க்கத்துக்குப் புரியாத ஓர் உண்மை இருக்கிறது. ஒரே முன்னறிவிப்பை வைத்துப் பலரும் பல முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது.

வணிகப் பெருமக்களே, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கிட்டங்கியில் தரையோடு அடுக்கிய சர்க்கரையையும் அரிசியையும் மேலே ஏற்ற ஒரு பகல் வேண்டும். கூலி சில ஆயிரம் ஆகும். ஏற்றாமல் விட்டு வெள்ளம் வந்தால் நஷ்டம் லட்சத்தில். ஆகவே வெள்ளம் வர பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு இருந்தாலே ஏற்றிவிடுவது உங்களுக்கு லாபம்.

அதே மூன்று பங்கு வாய்ப்பைச் சொல்லி நாட்டுப்படகு மீனவரைக் கரையில் நிறுத்த முடியுமா? ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. அவருக்கு வேண்டியது வேறு தகவல்: கச்சான் எத்தனை மணிக்கு வலுக்கும், அலை எவ்வளவு எழும், விடியலில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாமா என்பது. ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுக்கோ கரை திரும்பவே இரண்டு மூன்று நாளாகும். முந்தைய நாள் அறிவிப்பால் அதற்குப் பயனில்லை. உரம் போடப் போகும் விவசாயிக்கு நான்கைந்து நாள் மழையற்ற இடைவெளி தெரிய வேண்டும். எந்தப் போகம், எந்த ரகம் என்று தீர்மானிப்பவருக்கு, வடகிழக்குப் பருவமழை இந்த ஆண்டு கூடுமா குறையுமா என்ற கணிப்பு விதைப்புக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

ஆக, மழை ஒன்று; கேள்விகள் பல. சென்னையில் அமர்ந்திருக்கும் விஞ்ஞானிக்கு மழையைப் பற்றித் தெரியும். உங்கள் கிட்டங்கியைப் பற்றித் தெரியாது. உங்களுக்குக் கிட்டங்கியைத் தெரியும். மேகத்தின் போக்கு தெரியாது. இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினால்தான் அறிவிப்பு தகவலாக மாறும். பேசாதவரை அது வானொலியில் ஓதப்படும் சடங்குதான்.

'தமிழ்நாடு வெதர்மேன்' என்று அறியப்படும் பிரதீப் ஜானை லட்சக்கணக்கான மக்கள் ஏன் பின்தொடர்கிறார்கள்? அவர் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். மக்கள் கேட்கும் கேள்விக்கு மக்கள் பேசும் மொழியில் பதில் சொல்கிறார். ஒரு தனி மனிதர் செய்வதை ஒரு துறை ஏன் செய்யக் கூடாது?

கேட்டுச் செய்தார்கள், உயிர் பிழைத்தது

இது நடக்கிற காரியமா என்று ஐயம் எழலாம். நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று கிராமத்தாரிடம் கேட்டுத்தான் தொடங்கினார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலைக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கைப்பேசி புழக்கத்துக்கு வராத காலம் அது. படிக்கத் தெரியாதவருக்கும் காது உண்டல்லவா!

2004 டிசம்பர் 26. நல்லவாடு என்ற மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது; கடல் பொங்குகிறது, எல்லோரையும் வெளியேற்றுங்கள் என்று. அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. ஊர் காலியானது. அந்தச் சுனாமியில் ஊரார் உயிர் பிழைத்தார்கள். அன்று இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் என்று ஒன்றுமே இல்லை! பல ஆண்டுகளாக அலை உயரத்தை அறிவித்துப் பழகிய குரலாக இருந்ததால்தான் அன்று மக்கள் கேள்வி கேட்காமல் ஓடினார்கள். நம்பிக்கை ஆபத்து நாளில் முளைக்காது. அதைச் சாதாரண நாட்களில் விதைத்திருக்க வேண்டும்.

பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே இயங்கி வருகிறது. மீனவர் மொழியிலேயே கடலைப் பற்றிப் பேசுகிறது. அந்தக் கடற்கரையை ஒட்டித்தான் வேதாளையும் பெரியபட்டினமும் கீழக்கரையும் தேவிபட்டினமும் தொண்டியும் இருக்கின்றன. நம் ஊர்கள் அதை எந்த அளவு பயன்படுத்திக்கொள்கின்றன? எண்ணிப் பாருங்கள்.

வங்கதேசம் தரும் பாடம்

1970 நவம்பரில் வங்காள விரிகுடாவில் எழுந்த ஒரு புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் மாண்டார்கள். 2007இல் சித்ர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400. 2020 மே மாதம் அம்பன் புயல் வந்தபோது அங்கு இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். கடலும் அதே கடல். ஏழ்மையும் முற்றாகப் போய்விடவில்லை. பிறகு எது மாறியது?

1970களின் தொடக்கத்தில் செம்பிறைச் சங்கமும் அந்நாட்டு அரசும் சேர்ந்து புயல் தயார்நிலைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தின. ஊருக்கு ஊர் தொண்டர்கள். கையில் ஒலிபெருக்கி, கைச் சங்கு, கொடி. ஆபத்து கூடக்கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. பள்ளிவாசல் மைக்கிலும் எச்சரிக்கை ஒலிக்கும். இன்று அந்தத் தொண்டர்கள் 76 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

தொண்டர் படை இருந்தும் 1991இல் ஏன் அத்தனை சாவு? மக்கள் கிளம்பவில்லை என்பது ஒரு காரணம். ஏன் கிளம்பவில்லை? ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார்கள். ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் கூடத்தில் பெண்கள் எப்படி இருப்பது என்றார்கள். அந்தப் புயலில் ஆண்களைவிடப் பல மடங்கு பெண்கள் இறந்தார்கள். பிறகு மக்கள் சொன்னதைக் காதில் வாங்கினார்கள். பெண்களுக்குத் தனி அறை உள்ள புகலிடங்கள் வந்தன; கால்நடைகளுக்கு மண்மேடுகள் எழுந்தன. புகலிடமும் சாலையும் பெருகின, கணிப்பும் துல்லியமானது. இவையெல்லாம் சேர்ந்துதான் சாவைக் குறைத்தன. "உனக்கு என்ன தடை?" என்று மக்களைக் கேட்டதும் இவற்றுள் ஒன்று.

யாரைக் கேட்பது?

கேட்க வேண்டும் என்று சொன்னால் போதாது; யாரைக் கேட்கிறோம் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாலி நாட்டின் கதையைக் கேளுங்கள். கடும் வறட்சிகளால் அடிபட்ட அந்த நாட்டின் வானிலைத் துறை, 1982 முதல் விவசாயத் துறையையும் வானொலியையும் சேர்த்துக்கொண்டு உழவர்களோடு வேலை செய்தது. உழவர் கையிலேயே மழைமானியைக் கொடுத்தார்கள். இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் விதைக்கலாம் என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவுக்கே முன்மாதிரி என்று உலகம் பாராட்டியது.

பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. அந்த ஆலோசனையைப் பெரும்பாலும் பின்பற்றியவர்கள் ஏரும் மாடும் சொந்தமாக வைத்திருந்த, குடும்பத்தின் மூத்த ஆண்கள். ஏர் இல்லாதவனுக்கு "நாளை விதை" என்று சொல்லி என்ன பயன்? வேறு பயிர் செய்த பெண்களுக்கு அந்த ஆலோசனையில் ஒன்றுமே இல்லை. பாயில் யார் உட்கார்ந்தார்களோ அவர்களுக்கே தகவல் பயன்பட்டது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் ஆண்களில் பலர் பிழைப்புக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். நள்ளிரவில் தண்ணீர் ஏறும்போது வயதான மாமியாரைத் தூக்குவதா, குழந்தையைத் தூக்குவதா என்று முடிவெடுப்பவள் வீட்டில் இருக்கும் பெண். அவளைக் கேட்காமல் ஜமாஅத் நிர்வாகிகளும் சங்கத் தலைவர்களும் மட்டும் கூடிப் பேசித் தேநீர் அருந்திக் கலைந்தால், மாலியில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்.

ஒருவழிப் பாதை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முந்தைய நாள்தான் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையே புயல். மீனவர்கள் பலர் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். கரையில் ஒலித்த எச்சரிக்கை அவர்கள் காதில் விழ வழியில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண் துணையை இழந்தன.

அதன் பிறகு 2019இல் 'ஜெமினி' என்ற கருவியை அரசு அறிமுகப்படுத்தியது. ஆழ்கடலுக்கும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்கும். நல்ல கருவிதான். ஆனால் அது கேட்கும், பேசாது. புயலில் சிக்கியவன் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அதில் திருப்பிச் சொல்ல முடியாது. வடிவமைக்குமுன் கடலோடியிடம் கேட்டிருந்தால் முதல் வார்த்தையாக அதைத்தானே சொல்லியிருப்பான்? இருவழிப் பேச்சுக்கான கருவிகள் அதன் பின்னர்தான் வரத் தொடங்கின.

விவசாயிகளின் நிலை இன்னும் மோசம். 2018 முதல் நாட்டின் 199 மாவட்டங்களில் வேளாண் வானிலை அலகுகள் ஏற்படுத்தப்பட்டன. வட்டார அளவில் முன்னறிவிப்பை எடுத்து, இந்தப் பயிருக்கு இதைச் செய் என்று உள்ளூர் மொழியில் சொல்ல ஆள் இருந்தார். 2024 தொடக்கத்தில் அந்த அலகுகளை மூட உத்தரவு போட்டார்கள். தகவலைத் திரட்டத் தானியங்கிக் கருவி போதும் என்று சொல்லப்பட்டது. கருவி மழையை அளக்கும். உழவனோடு உட்கார்ந்து பேசுமா?

இத்தனைக்கும் 2009இல் ஜெனீவாவில் கூடிய உலகக் காலநிலை மாநாட்டில், காலநிலைத் தகவலைப் பயன்படுத்துவோரையும் சேர்த்துக்கொண்டே உருவாக்க வேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. அதற்கென ஓர் உலகளாவிய திட்டமும் வகுத்தார்கள். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. மாவட்டத்தில்தான் இல்லை.

மறைவான ஞானமா?

நம்மில் சிலருக்கு இன்னொரு தயக்கம் உண்டு. மழை எப்போது பெய்யும் என்பது இறைவன் மட்டுமே அறிந்த மறைவான ஞானம் அல்லவா, முன்கூட்டிச் சொல்வது சரியா என்று கேட்கிறார்கள். மேகம் கறுப்பதைப் பார்த்துவிட்டு மாடியில் காயும் துணியை எடுக்கும் தாய், மறைவானதை அறிந்துவிட்டதாகச் சொல்கிறாளா? கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை வைத்துக் கணிக்கிறாள். வானிலை மையம் செய்வதும் அதுவே; அதன் அடையாளங்கள் செயற்கைக்கோளிலும் ராடாரிலும் தெரிகின்றன. அதனால்தான் அவர்கள் "பெய்யும்" என்று அடித்துச் சொல்லாமல் "வாய்ப்பு" என்கிறார்கள். ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு இறைவன் மேல் பாரத்தைப் போடுவதை நம் மார்க்கம் கற்பிக்கவில்லை. கட்டிவிட்டுப் பாரத்தைப் போடச் சொல்கிறது.

"போன தடவை சொன்னார்கள், பெய்யவில்லையே!" என்று கேலி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வணிகரே, பத்துப் பேருக்குக் கடனுக்குச் சரக்குத் தருகிறீர்கள். எட்டுப் பேர் திருப்பித் தருவார்கள் என்ற கணக்கில்தானே தருகிறீர்கள்? இருவர் தராததால் கணக்கே பொய் என்று கடையை மூடிவிடுகிறீர்களா? முன்னறிவிப்பும் அப்படிப்பட்ட கணக்குதான்.

முன்னோர் அனுபவம் போதாதா என்றால், மதிப்போடு சொல்கிறோம், இன்று போதாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைச் சுமக்கும். சுமந்ததை எங்கோ ஓரிடத்தில் இறக்கும். 95 செ.மீ. மழையைக் காயல்பட்டினத்தின் எந்த முதியவர் அதற்கு முன் பார்த்திருக்கிறார்? காற்றையும் கடலையும் பற்றிய அவர்கள் அறிவு வேண்டும். அதோடு செயற்கைக்கோளின் அறிவும் வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது: ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே ஊர்க் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். ஜமாஅத் மட்டும் போதாது. மீனவர் சங்கம், வியாபாரிகள் சங்கம், உப்பளத் தொழிலாளர், விவசாயிகள், அண்டைத் தெருக்களில் வாழும் மற்றச் சமுதாயத்தார், இவர்களோடு பெண்கள். தண்ணீர் தெருவைப் பார்த்து வருவதில்லை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். அவருடைய அலுவலரையும் வானிலைத் துறையினரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். வராவிட்டால் மனு கொடுங்கள், மீண்டும் கொடுங்கள்.

இரண்டாவது: அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு தரப்பாரிடமும் நான்கே கேள்விகள் கேளுங்கள். மழை, காற்று பற்றித் தெரிந்தால் நீங்கள் எடுக்கும் முடிவு என்ன? எத்தனை மணி நேரம் முன்பே தெரிய வேண்டும்? எந்த வார்த்தையில் சொன்னால் புரியும்? கைப்பேசி இல்லாதவருக்கும் மின்சாரம் போன நேரத்திலும் அது எப்படி வந்து சேரும்? பதில்களை எழுதி அதிகாரிகளிடம் கொடுங்கள். நம் ஊருக்கு வேண்டிய தகவல் சேவையின் வரைபடம் அதுதான்.

மூன்றாவது: செ.மீ. கணக்கைத் தெருக் கணக்காக மாற்றுங்கள். 2023இல் தண்ணீர் எந்தச் சுவரில் எதுவரை நின்றது என்று ஒவ்வொரு தெருவிலும் சாயக் கோடு போடுங்கள். பள்ளிக்கூட மாடியில் மழைமானி வைத்து மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். 10 செ.மீ. பெய்தால் எந்தத் தெரு, 20 பெய்தால் எந்தத் தெரு என்று இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் ஊருக்கென ஒரு கணக்கு உருவாகிவிடும். எந்த விஞ்ஞானியிடமும் இல்லாத கணக்கு அது. குளம் நிரம்பியதா, கடல் ஏற்றத்தால் வடிகால் அடைத்ததா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். வெறும் மழையளவு முழுக் கதையைச் சொல்லாது.

நான்காவது: பள்ளிவாசல் ஒலிபெருக்கி. யார் பேசுவது, எந்த வாசகத்தைப் பேசுவது, எந்தத் தகவலை நம்பிப் பேசுவது என்பதை முன்கூட்டியே எழுதி மோதினாரிடம் கொடுத்து வையுங்கள். கோயில், சர்ச் ஒலிபெருக்கிகளிலும் அதே வாசகம் ஒலிக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு சொல்கூடப் போகக் கூடாது. "குளம் உடைந்துவிட்டது" என்ற ஒரு பொய்ச் செய்தி போதும், நெரிசலில் உயிர் போவதற்கு.

ஐந்தாவது: திருப்பிச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் என்ன அறிவித்தார்கள், என்ன பெய்தது, யாருக்கு வந்து சேரவில்லை, யார் கேட்டும் கிளம்பவில்லை, ஏன் கிளம்பவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி மாவட்ட நிர்வாகத்துக்கும் வானிலை மையத்துக்கும் அனுப்புங்கள். பயன்படுத்துபவன் வாய் திறக்காதவரை கொடுப்பவன் திருந்த மாட்டான்.

இதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கும் செல்வந்தர்களே! மழைமானிக்கும் சாயத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகும் செலவு, ஒரு வேளை நிவாரணச் சாப்பாட்டுச் செலவுக்கு வராது. ஊறிப்போன சரக்குக்குப் பதில் சரக்கு வாங்க வழியில்லாமல் வட்டிக் கடனில் விழும் சிறு வியாபாரியை நினைத்துப் பாருங்கள். ஒரு பகல் முன்னதாக அவருக்குக் கிடைக்கும் தெளிவான தகவல், பிறகு நாம் பைத்துல்மாலிலிருந்து தரும் உதவியைவிடப் பெரிய உதவி. அது அவருடைய சரக்கையும் காக்கும், மானத்தையும் காக்கும்.

இளைஞர்களே! நிவாரணப் பணியில் நீங்கள் சம்பாதித்த நற்பெயர் பெரிது. ஆனால் காப்பாற்ற ஆளில்லாமல் செத்தவர்களுக்குப் பின்னால் சோறு கொண்டு போவதைவிட, சாகாமல் காப்பது மேலான பணி. அதற்குக் கைதட்டல் இருக்காது. வராத சாவைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போட முடியாது. அந்தப் பணிக்குத்தான் இப்போது ஆள் தேவை.

அடுத்த அக்டோபர் மேகம் திரளும் முன், உங்கள் மஹல்லாவில் அந்தக் கூட்டம் நடக்குமா? இன்ஷா அல்லாஹ், நடத்துவோம் என்று முதலில் சொல்லப் போகும் ஊர் எது?